நடு ஏரியில் போட் நடுங்கினால்: குடும்பத்தோடு செல்வோருக்கான கையேடு

இந்தக் கையேடு ஸ்கார்பரோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஸ்கூகொக் ஏரியை மனதில் வைத்து எழுதப்பட்டது. வேறு ஏரிக்காரரும் பயன்படுத்தலாம். உங்களிடம் இருப்பது பதினெட்டு அடிப் பழைய ஃபைபர் போட், பின்னால் 115 குதிரைவலு அவுட்போர்ட் என்று எடுத்துக்கொள்கிறேன். விற்றவர், "ஒரு சின்னப் பிரச்சினையும் இல்லை, பிள்ளையள் வளர்ந்திட்டினம், அதுதான் விக்கிறன்" என்று சொல்லியிருப்பார். பிள்ளைகள் வளர்ந்தது உண்மை.

ஏழு பேர் ஏறலாம் என்று தகட்டில் எழுதியிருக்கும். எட்டாவது ஆள் சின்னப் பிள்ளை என்பதால் கணக்கில் இல்லை. குளிர்பெட்டி, மட்டன் ரோல்ஸ் ஒரு தட்டு, தேத்தண்ணிப் போத்தல், தூண்டில்கள், பாட்டுப்பெட்டி எல்லாம் ஏற்றியாயிற்று. போட் ஓட்டும் அட்டை உங்கள் பணப்பையில் இருக்கிறது; 2009 செப்டம்பரிலிருந்து கனடாவில் மோட்டர் போட் ஓட்டும் எவருக்கும் அது வேண்டும். ஐம்பது கேள்வியில் முக்கால்வாசி சரியாக இருந்தால் பாஸ், பிறகு சாகும்வரை செல்லும். அந்த ஐம்பது கேள்விகளில் மாமனாரை வைத்துக்கொண்டு ஓட்டுவது பற்றி ஒன்றுகூட வராது. அந்தக் குறையை நிரப்புவதே இந்தக் கையேட்டின் நோக்கம்.

இரண்டு கரையும் ஒரே தூரத்தில் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் அது தொடங்கும். முதலில் காலடியில் ஒரு கூச்சம். பிறகு கோப்பை வைக்கும் குழிக்குள் கிடக்கும் சாவிக்கொத்து கிலுகிலுக்கும். எதிரே இருப்பவர்களின் கன்னச்சதை ஆடும். த்ரொட்டில் வைத்த இடத்திலேயே இருக்க, போட் மட்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வேகம் இழக்கும்.

இந்தக் கட்டத்தில் நீங்கள் செய்யவேண்டியது த்ரொட்டிலை இன்னும் முன்னால் தள்ளுவது. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். என்ஜின் 5000 சுற்றுச் சுற்றும்போது கியர் குறைத்துக் கொடுத்தபின்பும் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு தடவை வரை சுழலும். அதன் இதழ் ஒன்று வளைந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் தண்டு ஒரு பக்கமாக அடி வாங்கும். பெயரிங்கும் எண்ணெய்க்காப்பு ரப்பரும் அந்த அடியைத் தாங்கவேண்டும். வேகத்தைக் கூட்டினால், இதழை நிமிர்த்துவதோடு முடியவேண்டிய செலவை கீழ்க்கியர்ப் பெட்டி முழுவதையும் பிரிக்கும் செலவாக வளர்த்தெடுக்கலாம். த்ரொட்டிலைப் பின்னுக்கு இழுத்து நியூட்ரலுக்குக் கொண்டுவருவதுதான் சரி என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் அந்தப் புத்தகங்களை எழுதியவர்களின் பின் இருக்கையில் யாரும் "ஏன் தம்பி நிப்பாட்டிறீர்?" என்று கேட்டதில்லை.

அடுத்து மருத்துவக் குழு கூடும். போட்டில் எத்தனை ஆண்களோ அத்தனை நோய்கள். குழுவின் தலைவர் மாமா. வல்வெட்டித்துறைக்காரர். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த கதையை ஒவ்வொரு பிறந்தநாள் பார்ட்டியிலும் சொல்பவர். அந்தக் கதை முழுக்க உண்மை, பெருமைப்படவேண்டியதும்கூட. அதில் ஸ்பார்க் பிளக் வருவதில்லை என்பது மட்டுமே இப்போதைக்குக் குறை.

"இது கார்ப்பரேட்டர்தான்," என்பார் மாமா.

"மாமா, இதில கார்ப்பரேட்டரே இல்லை. இன்ஜெக்‌ஷன்."

"அப்ப அதுதான் பிரச்சினை."

மச்சான் ஏற்கெனவே என்ஜின் மூடியைக் கழற்றத் தொடங்கியிருப்பான். அவன் கழற்றும் திருகாணிகளில் ஒன்று ஏரிக்குள் விழும். இதற்கு எந்த வைத்தியமும் இல்லை. விழும் என்று எதிர்பார்த்தே கழற்றவிடுங்கள். மனைவி, "அப்பவே சொன்னனான், கொட்டேஜ் எடுப்பம் எண்டு" என்பார். இது மட்டும்தான் அன்று சரியாகக் கணிக்கப்பட்ட ஒன்று.

இனி, யாருக்கும் தெரியாமல் நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. திசைச்சக்கரத்துக்கு முன்னால் ஒரு வட்ட மீட்டர் இருக்கிறதே, என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது, அதைப் பாருங்கள். போட் வாங்கியதிலிருந்து அதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். வேகம் விழுந்தபோது முள்ளும் சேர்ந்து விழுந்ததா, அல்லது முள் மேலே ஏறிவிட்டு வேகம் மட்டும் விழுந்ததா? மேலே ஏறினால் என்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, அதன் பலம் தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. கோளாறு கீழே, புரொப்பெல்லர் பக்கம். முள்ளும் விழுந்தால் ஒன்று என்ஜினுக்கே மூச்சு முட்டுகிறது, அல்லது கீழே ஏதோ அதைப் பிடித்து இழுக்கிறது. எது என்று பிரிக்க இன்னொரு சோதனை. நியூட்ரலில் வைத்து என்ஜினைக் கொஞ்சம் முடுக்குங்கள். நடுக்கம் அப்படியே இருந்தால் என்ஜின். நின்றுவிட்டால் தண்டும் புரொப்பெல்லரும். இரண்டு சோதனைக்கும் ஒரு நிமிடம் போதும். ஆகையால் இதைக் குழுவிடம் சொல்லாதீர்கள். நாலு பேர் அரை மணி நேரமாக வளர்த்த ஆராய்ச்சியை ஒரு நிமிடத்தில் முடிப்பது மரியாதைக் குறைவு.

ஸ்கூகொக்கில் விடை பெரும்பாலும் கீழேதான் கிடைக்கும். காரணம் ஏரியேதான். இது பழைய காலத்தில் ஏரி என்று சொல்லும்படி இருக்கவில்லை. சதுப்பும் ஆறும் காட்டரிசி விளைந்த நீர்ப்பரப்புமாகக் கிடந்தது. 1830-களில் வில்லியம் பர்டி என்பவரும் அவருடைய மகன்களும் லின்ட்சேயில் ஆலைக்காக ஓர் அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறி நிலம் மூழ்கியது. மரங்கள் நின்றபடியே மூழ்கின. அந்தக் கரையில் வாழ்ந்த மிசிசாகா மக்களின் அரிசிப் படுகைகள் அழிந்தன. நடுவில் ஒரு நிலப்பகுதி தீவாயிற்று. ஒருவர் மாவரைக்க எடுத்த முடிவின் பயன் இன்றைக்கு உங்கள் புரொப்பெல்லருக்கும் வந்து சேருகிறது. சராசரி ஆழம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. வெயில் அடிவரை போகும், களை செழிக்கும். வெளியிலிருந்து வந்த யுரேசியன் மில்ஃபொயில் என்ற நீர்க்களை ஜூலை, ஆகஸ்டில் தண்ணீரின் மேல்மட்டம்வரை எழுந்து நிற்கும். அதன் நடுவே முழு வேகத்தில் போனால் புரொப்பெல்லர் ஒரு கட்டுக் களையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொள்ளும். இதழ்கள் தண்ணீரைப் பிடிக்காமல் களையைப் பிடித்துச் சுழலும். நடுக்கம், வேகக்குறைவு, பின்னால் பச்சைச் சோறு.

இதற்கான தீர்வு வெட்கப்படும் அளவுக்கு எளிது. த்ரொட்டிலை இறக்குங்கள், நியூட்ரல், பிறகு சில நொடி பின் கியர். களை எதிர்ப்பக்கம் அவிழ்ந்து போய்விடும், பெரும்பாலும். போகாவிட்டால் என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, என்ஜினை மேலே சாய்த்து, கையால் பிடுங்குங்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் என்ற பகுதியை இந்தக் கையேடு கேலியில்லாமல் சொல்கிறது. கியர் நியூட்ரலில்தானே கிடக்கிறது என்ற நம்பிக்கையில் ஓடும் என்ஜினின் புரொப்பெல்லருக்குக் கை நீட்டியவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள். ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்தில் எட்டாவது ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் மறக்காதீர்கள்.

களை இல்லை, முள் மட்டும் ஏறுகிறது, மெதுவாகப் போனால் எல்லாம் சரி, வேகம் கூட்டினால் என்ஜின் அலறும் ஆனால் போட் நகராது என்றால், புரொப்பெல்லரின் நடுவே இருக்கும் ரப்பர் புஷ் நழுவிவிட்டது. கல்லிலோ மரக்குற்றியிலோ அடித்தால் கியர் உடையாமல் தான் நழுவிக் கொடுக்கவேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். உங்கள் போட்டில் தன் கடமையைச் செய்த ஒரே பாகம் அது. அதைத்தான் எல்லோரும் திட்டுவீர்கள். நழுவியதா என்று உறுதிசெய்ய, உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை ஒரு நேர்கோடு கீறிவிட்டுக் கொஞ்சத் தூரம் ஓட்டிப்பாருங்கள். கோட்டின் இரண்டு பாதியும் விலகியிருந்தால் அதுதான். நடக்கும் வேகத்தில் கரைக்கு வந்துவிடலாம். கரைக்கு வர இரண்டு மணி நேரம் ஆகும். அன்னபூரணியின் கதை முழுவதும் அதற்குள் அடங்கும்.

புரொப்பெல்லர் உடைந்தால் நல்லதுதான் என்று சொல்லும் ஆள் உங்கள் போட்டில் இருந்தால், அவர் சரித்திரம் படித்தவர். 1837ல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேய விவசாயி, மரத்தில் செய்த திருகை ஒரு சின்னப் படகில் பொருத்தி லண்டனின் பாடிங்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்தார். திருகு எதிலோ இடித்துப் பாதி உடைந்து விழுந்தது. படகு முன்னைவிட வேகமாக ஓடியது. நீளத் திருகு வேண்டாம், குட்டையானதே போதும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை நம்பி உங்கள் அலுமினிய இதழ் இரண்டை உடைத்துப் பார்க்கவேண்டாம். அந்தப் பரிசோதனைக்கு ஸ்மித் முந்திக்கொண்டார்.

என்ஜின் எவ்வளவு பலமாக இருந்தாலும் தண்ணீர் பிடிகொடுக்காவிட்டால் வேகம் வராது என்பதை இன்னும் பெரிய ஆட்களும் அனுபவித்திருக்கிறார்கள். சார்ள்ஸ் பார்சன்ஸ் 1894ல் தன் நீராவி டர்பைனை டர்பினியா என்ற கப்பலில் வைத்தபோது, கணக்குப் போட்ட வேகத்துக்கு அது கிட்டவும் வரவில்லை. புரொப்பெல்லர் அளவுக்கு மீறி வேகமாகச் சுழன்றதில் இதழ்களின் பின்னால் அழுத்தம் குறைந்து, தண்ணீர் ஆவிக்குமிழாகி, இதழ் அந்தக் குமிழுக்குள் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சூடாக்கிய தண்ணீர்த் தொட்டி ஒன்றைச் செய்து, வெளிச்சத்தை விட்டுவிட்டு அடித்து, குமிழைக் கண்ணால் பார்த்தார். பிறகு மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது புரொப்பெல்லர். 1897ல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்புக்குள் புகுந்து ஓடியபோது துரத்திய கடற்படைப் படகுகளால் டர்பினியாவைப் பிடிக்க முடியவில்லை. உங்கள் போட்டில் நடப்பது பெரும்பாலும் அந்த அளவு உயர்ந்த விஷயம் இல்லை: என்ஜினை அளவுக்கு மேல் சாய்த்துவைத்தால், அல்லது வளைவில் சடாரென்று திருப்பினால், மேலிருந்து காற்று இறங்கிப் புரொப்பெல்லரைச் சூழும், முள் துள்ளும், போட் தளரும். சாய்வை இறக்கினால் சரி. ஆனாலும் குழுவிடம் "பார்சன்ஸுக்கு வந்த பிரச்சினைதான்" என்று சொல்லலாம். மாமாவே கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

தங்கூசிக்குத் தனி மரியாதை செய்யவேண்டும். போட்டில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள், தங்கள் தூண்டில் நூல் அறவில்லை என்று. அறுந்த நூல் புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றி, ஓட ஓட இறுகி, எண்ணெய்க்காப்பு ரப்பரை வெட்டும். இது உடனே நடுக்கம் தராது, அதுதான் அதன் வஞ்சகம். தண்ணீர் கியர்ப்பெட்டிக்குள் மெல்ல மெல்லப் போகும். இலையுதிர்காலத்தில் எண்ணெய் மாற்றத் திறக்கும்போது பால் தேத்தண்ணி நிறத்தில் ஒழுகும். அந்த நிறத்தைக் கண்டால் கணக்கு எழுதும் கொப்பியைத் தள்ளி வையுங்கள்.

முள்ளும் சேர்ந்து விழுந்து, நியூட்ரலிலும் என்ஜின் தள்ளாடினால், இப்போதுதான் மாமாவின் கொடி பறக்கும். நாலு சிலிண்டரில் ஒன்று வேலைநிறுத்தம் செய்தால் என்ஜின் சும்மா ஓடும்போதே அதிரும். வேகம் கூட்டினால் அதிர்வு குறைந்ததாகத் தோன்றும், பலம் மட்டும் வராது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் ஒன்று மட்டும் ஈரமாகவோ கறுப்பாகவோ இருக்கும். அதை எங்கே வாங்குவது, எந்த இலக்கம் என்று மச்சானுக்குத் தெரியும். அவன் வாங்கிவைத்த மிச்சப் பிளக் வீட்டுக் கராஜில் இருக்கிறது.

எரிபொருள் பக்கத்தை எல்லோரும் கடைசியாகப் பார்ப்பார்கள், அதுதான் மரபு. என்ஜின் கொஞ்சத் தூரம் நன்றாக ஓடி, மூச்சு வாங்கி, வேகம் குறைத்தால் தெளிந்து, மீண்டும் கூட்டினால் மூச்சு வாங்கினால், பெற்றோல் வந்து சேரவில்லை. குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர்க் குமிழை ஒருவர் பிசையட்டும். பிசையும்போது என்ஜின் தெளிந்தால் விநியோகத்தில் குறை. குமிழ் தானாகவே சப்பிப்போயிருந்தால் அடைப்பு டாங்கிப் பக்கம். பெரும்பாலும் டாங்கியின் காற்றுத்துளை. மூடியைத் தளர்த்தினால் உஸ் என்று காற்று உள்ளே போகும், என்ஜின் உடனே உயிர்பெறும். சிலந்தி வீடு கட்டிய ஒரு துளையால் ஒரு குடும்பம் ஏரி நடுவில் நின்றது என்று யாரும் நம்பமாட்டார்கள், ஆகையால் "ஃபியூல் சிஸ்டம்" என்றே சொல்லுங்கள்.

தண்ணீர் கலந்த பெற்றோல் வேறு வகைத் தொல்லை. ஒன்ராறியோவில் சாதாரண பெற்றோலில் எதனோல் கலந்திருக்கும். 10 வீதம் கலந்தது தனக்குள் ஏறக்குறைய அரை வீதம் தண்ணீரைத்தான் கரைத்துவைக்கும். அதற்கு மேலே போனால் தண்ணீரும் எதனோலும் கூட்டுச் சேர்ந்து அடியில் படுத்துவிடும், உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அடியில்தான். வடிகட்டியில் உள்ளதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிவைத்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

பீப் என்று அலாரம் கத்தி, என்ஜின் தானாகவே வேகத்தைக் கட்டுப்படுத்தினால், அது சூடேறிவிட்டது. பின்னால் பாருங்கள்: என்ஜினிலிருந்து சின்னப் பீச்சலாக வெளியேறும் தண்ணீர் வருகிறதா? வராவிட்டால் உறிஞ்சும் வாயைக் களை மூடியிருக்கலாம், அல்லது பம்புக்குள் இருக்கும் ரப்பர்ச் சில்லு தேய்ந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள். அலாரத்தின் வயரை அறுக்கும் யோசனை குழுவில் வரும்; வந்த ஆளிடம் துடுப்பைக் கொடுங்கள். ஆறு மீட்டருக்குள் அடங்கும் போட்டில் துடுப்போ, பதினைந்து மீட்டர் கயிற்றோடு ஒரு நங்கூரமோ சட்டப்படி இருக்கவேண்டும். நங்கூரத்தை இறக்குங்கள். ஸ்கூகொக்கில் அது தரையைத் தொட அதிக நேரம் ஆகாது. காற்று உங்களைக் களைக்குள் தள்ளாமல் நிறுத்தும், ஆராய்ச்சிக்கும் நிலையான மேசை கிடைக்கும். இந்த இடத்தில் பியர் திறக்கலாமா என்று யாராவது கேட்பார். சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ள படகு நங்கூரத்தில் நின்றால்தான் சட்டம் அனுமதிக்கிறது. உங்களிடம் உள்ளது ரோல்ஸ் தட்டு ஒன்றுதான்.

இதற்கிடையில் யாராவது குனிந்து, காலடித் தரைக்குக் கீழே தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்து வடிதுளை அடைப்பானைப் போடாமலே போட்டை இறக்கியிருந்தால், இவ்வளவு நேரமாக ஏரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறீர்கள். அடைப்பான் காரின் கோப்பைக் குழிக்குள் இருக்கிறது.

வேறொரு போட் வந்து இழுத்துக்கொண்டு போகும். கயிற்றை முன்மூக்கின் கீழே இருக்கும் இரும்பு வளையத்தில் கட்டவேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் கட்டினால் சட்டம் மட்டும் கரை சேரும். உயிர்காப்பு அங்கிகளை இப்போதாவது இருக்கைக்கடியிலிருந்து எடுத்து எல்லோருக்கும் போடுங்கள், படம் எடுப்பதற்காக என்று சொல்லி.

மறுநாள் மெக்கானிக் மூன்று கேள்வி கேட்பார்: முள் ஏறியதா இறங்கியதா, நியூட்ரலில் அதிர்ந்ததா, எதிலாவது அடித்தீர்களா. முதல் இரண்டுக்கும் உண்மையைச் சொல்லலாம், கையேட்டைப் படித்தவர் என்று தெரியவரும். மூன்றாவதுக்கு எல்லோரும் சொல்லும் விடையையே சொல்லுங்கள்: "இல்லை, ஒண்டிலயும் அடிக்கேல்லை." அவர் பதில் பேசாமல் புரொப்பெல்லரை விரலால் சுற்றி, மடிந்த இதழின் ஓரத்தில் செருகிக் கிடக்கும் கறுத்த மரச்சிம்பைப் பிடுங்கி மேசையில் வைப்பார். "ஏரிக்குள்ள மரம் எங்கால?" என்று வியந்து கேளுங்கள். அவர் அந்த ஊர்க்காரராக இருந்தால் பர்டியின் அணையிலிருந்து தொடங்குவார், சுவையாகவும் சொல்வார். சுவரில் உள்ள மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், கூலி மணிக்கணக்கில்.